அரை பவுண்டு

காலை ஆறு பத்துக்கு எழுந்திருக்கிறேன். கெட்டிலைப் போடுகிறேன். தண்ணீர் கொதிப்பதற்குள் மாடிக் குளியலறைக்குப் போய், சுவரோரம் இருக்கும் எடை மெஷினைக் காலால் இழுத்து நடுவில் வைக்கிறேன். ஜன்னல் விளிம்பில் ஐந்து கிலோ எடைக்கல் இருக்கிறது. மெஷினைக் கிலோவுக்கு மாற்றி, கல்லைத் தூக்கி அதன்மேல் வைக்கிறேன். 5.0 காட்டுகிறது. கல்லை எடுக்கிறேன். 0.0. பின்பக்கப் பொத்தானை அழுத்தி மறுபடி ஸ்டோனுக்கு மாற்றுகிறேன். பதினாலு பவுண்டு ஒரு ஸ்டோன்; இங்கே உடம்பை அதில்தான் நிறுப்பார்கள். மெஷினைச் சுவரோரம் தள்ளுகிறேன். கீழே வந்து தேநீர் போடுகிறேன். ஒரு கோப்பை. இரண்டு டோஸ்ட். ஆறு நாற்பதுக்கு வேலைக்குக் கிளம்புகிறேன்.

மெஷினில் ஏறுவதற்கு ஆள் இல்லை. என் மனைவி ஹெய்லி இறந்து ஆறு மாதம் ஆகிறது. அவளுக்கு முப்பத்தொரு வயது. எனக்கு முப்பத்து மூன்று.

கிரிம்ஸ்பி துறைமுக ஊரில் உறைமீன் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகனாக இருக்கிறேன். ஷிப்ட் தொடங்கும்போது வரிசையில் உள்ள ஒவ்வொரு தராசிலும் அளவு தெரிந்த கல்லை வைத்துப் பார்த்து, தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உணவு அறிவியலில் மூன்று வருடம் படித்ததில் தினமும் பயன்படுவது இது ஒன்றுதான்: கல் வைத்துப் பார்க்காத தராசை நம்பாதே. வீட்டில் இருக்கும் கல் தொழிற்சாலையில் கழித்துப் போட்டது. ஹெய்லி ஒரு நாள் குளியலறையிலிருந்து, "இந்த மெஷின் பொய் சொல்லுது, நேத்தன்" என்று கத்தினாள். மறுநாள் கல்லைக் கொண்டு வந்தேன். மெஷின் பொய் சொல்லவில்லை.

"உன்னை யார் இதைக் கேட்டா?" என்றாள். ஆனால் அன்றிலிருந்து தினமும் காலையில் நான் கல் வைத்துக் காட்டிய பிறகுதான் ஏறுவாள்.

பொய் சொன்னது நான். அதைத்தான் எழுத வந்தேன்.

ஹெய்லி இறந்த அன்று இரவு ஆஸ்பத்திரி நடையில் ஹெய்லியின் அம்மா ஜேனிஸ் ஊன்றுகோலோடு நின்றிருந்தாள். முழங்கால் அறுவை சிகிச்சை ஆகி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் காரில் கொண்டு வந்து விட்டிருந்தார். வீட்டுச் செருப்பு, மேலே மழைக்கோட்டு. அழவில்லை. "கடைசியா என்ன சொன்னா?" என்று கேட்டாள்.

"அம்மாகிட்டச் சொல்லு, நான் சந்தோஷமா இருக்கேன்னு. அதான் சொன்னா" என்றேன்.

வாயில் வந்தது அது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஹெய்லி அப்படிப் பேசுகிற ஆளே இல்லை.

"நான் ஃபோன் பண்ணினப்போ? அவ எடுக்கலையே" என்றாள்.

"அதுக்கு முன்னாடியே விழுந்துட்டா."

அது இரண்டாவது பொய். மூன்று நாள் கழித்து முதல் பொய் உள்ளூர்ச் செய்தித்தாளின் இறப்பு அறிவிப்பில் வந்தது. அடக்க ஆராதனையில் பாதிரியார் அதை இரண்டு முறை சொன்னார். இப்போது கல்லறைக் கல்லில் வெட்டப் போகிறார்கள். கல் வெட்டுபவர் மாதிரித் தாள் அனுப்பியிருக்கிறார். பெயர், இரண்டு தேதிகள், கீழே சாய்ந்த எழுத்தில் அந்த வாக்கியம். ஜேனிஸ் கையெழுத்துப் போட்டுவிட்டாள். என் கையெழுத்துக்கு இடம் காலியாக இருக்கிறது. ஒன்பது நாளாகத் தாள் கெட்டிலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. வியாழக்கிழமை வெட்ட ஆரம்பிப்பதாக அவர் ஃபோனில் சொன்னார். கருங்கல். ஒருமுறை வெட்டினால் போகாது.

எடை குறைக்கும் சங்கத்தில் அம்மாவும் மகளும் ஒன்றாகத்தான் சேர்ந்தார்கள், போன வருடம் ஜனவரியில். ஜனவரியில் எல்லாரும் சேர்வார்கள். மெதடிஸ்ட் சபைக்கூடத்தில் செவ்வாய்க்கிழமை மாலை ஆறரைக்குக் கூட்டம். பாலெட் என்று ஒரு அம்மாள் நடத்துவாள். திரைக்குப் பின்னால் எடை பார்த்து அட்டையில் எழுதி, அட்டையைச் சங்கத்து டப்பாவிலேயே வைப்பார்கள். பிறகு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவரும் எவ்வளவு கூடினார்கள், குறைந்தார்கள் என்று பாலெட் வாசிப்பாள். குறைந்தால் கைதட்டல். கூடினாலும் கைதட்டல், திரும்பி வந்ததற்காக. நான் வாசலில் காரில் இருப்பேன். கைதட்டல் வெளியே வரை கேட்கும். இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

முதல் வாரம் ஹெய்லி ஐந்து பவுண்டு குறைந்தாள். ஜேனிஸ் மூன்று. திரும்பி வரும்போது ஹெய்லி விரலை விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"இப்படியே போனா கிறிஸ்மஸுக்கு நான் இருக்கவே மாட்டேன்."

"இப்படியே போகாதுடி" என்றாள் ஜேனிஸ் பின்சீட்டிலிருந்து. "முதல் வாரம் போறது வெறும் தண்ணி. இவன்கிட்டக் கேளு, மீனுக்கும் அப்படித்தானே?"

உறைமீனுக்கு மேலே ஐஸ் பூச்சு இருக்கும். அதைக் கழித்துத்தான் நிகர எடை எழுத வேண்டும். அதைச் சொன்னேன். ஹெய்லி பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து யாராவது அவள் உடம்பைப் பற்றிப் பேசினால், "இது ஐஸ் பூச்சு. என் நிகர எடை உங்களுக்குத் தெரியாது" என்பாள்.

இரண்டாவது வாரம் ஒரு பவுண்டு. மூன்றாவது வாரம் ஒன்றுமில்லை. நான்காவது வாரம் இரண்டு பவுண்டு கூடிவிட்டது. நான் தொள்ளாயிரம் கிராம் என்றேன். மீனுக்குப் பேசற மாதிரி எனக்குப் பேசாதே என்றாள். பிப்ரவரியில், தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின நாளான பான்கேக் நாள் வந்தது. அது எப்போதும் செவ்வாய்க்கிழமைதான். "வருஷத்துல ஒரு நாள் பான்கேக். அதுவும் எடை பார்க்கற அன்னிக்கேவா வரணும்" என்று அடுப்பு முன்னால் நின்று புலம்பினாள். பிறகு நான்கு தின்றாள். அன்று கூட்டத்துக்கு ஆறு பேர்தான் வந்தார்களாம். ஆறு பேரும் கூடியிருந்தார்கள். பாலெட்டும் கூடியிருந்தாள்.

ஏப்ரலில் ஒரு வாரம் எடை குறைத்ததில் ஹெய்லிதான் முதல். அதற்குப் பரிசு ஒரு பழக்கூடை. ஆளுக்கு ஒரு பழமோ காயோ கொண்டு வந்து போட்டு நிரப்புவார்கள். ஹெய்லி கூடையைக் கால்பந்துக் கோப்பை மாதிரித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அன்னாசி, லீக்ஸ் கட்டு, ஆறு ஆரஞ்சு, ஒரு டின் பீன்ஸ். அன்னாசியை வெட்ட மனசு வரவில்லை. சமையலறை ஜன்னலில் வைத்தாள். ஈ மொய்க்க ஆரம்பித்த பிறகு நான் எறிந்தேன். எறிந்ததற்கு ஒரு நாள் பேசவில்லை.

ஜேனிஸ் ஜூனிலேயே இலக்கை எட்டிவிட்டாள். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குக் கஸ்டர்ட் ஊற்றுகிறவள். ஒரு கரண்டி நக்கவில்லை. அதைச் சொல்லிக் காட்டவும் மாட்டாள். கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். ஹெய்லிக்கு அதுதான் தாங்காது.

ஹெய்லி செவ்வாய்க்கிழமைக்கென்று ஒரு முறை வைத்திருந்தாள். திங்கட்கிழமை இரவு சாப்பாட்டோடு சரி. செவ்வாய் முழுக்க ஒன்றும் தின்ன மாட்டாள். மதியத்துக்கு மேல் தண்ணீரும் கிடையாது. மெல்லிய நீலக் கோடைக் கவுன் ஒன்று. பனி பெய்தாலும் அதுதான், மேலே கோட்டு. சபைக்கூட வாசலில் காரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் தருவாள். கடிகாரம், காதணி, கொண்டை ஊசி, மோதிரம்.

"மோதிரம் மூணு கிராம்கூட இருக்காது" என்பேன்.

"மூணு கிராம் மூணு கிராம்தான். பத்திரம்."

அவள் மட்டும் இல்லை, எல்லாருமே அப்படித்தான். ஒரு அம்மாள் பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக் கணவரிடம் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் எல்லாரும் நேராகத் தெருவைக் கடந்து பொரித்த மீனும் சூடான உருளைக்கிழங்கு சிப்ஸும் விற்கும் கடைக்குப் போவார்கள். அது ரகசியம் இல்லை. கடைக்காரர் டெர்ரிக்குச் செவ்வாய்க்கிழமை ஏழரைக்குத்தான் வாரத்திலேயே பெரிய வரிசை. அன்று கூடுதலாக உருளைக்கிழங்கு வெட்டி வைப்பார். "உடம்பு இளைக்கறவங்க வந்துட்டாங்க, கொழுப்பைச் சூடு பண்ணு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஹெய்லியின் கணக்கு எளிது. "அடுத்த எடைக்கு ஏழு நாள் இருக்கு. செவ்வாய்க்கிழமை ராத்திரி தின்னறது உடம்புல ஒட்டாது. இது எல்லாருக்கும் தெரியும்."

"எந்த ஆராய்ச்சியில?"

"டெர்ரி கடை வரிசையில."

ஜேனிஸ் அந்த வரிசையில் நின்றதில்லை. காரில் உட்கார்ந்து ஜன்னலைத் திறந்து வைப்பாள், துணியில் வாடை பிடிக்கும் என்று. அறுவை சிகிச்சைக்குப் பிறகு கூட்டத்துக்கு வர முடியாததால், ஏழு நாற்பதுக்கு வீட்டிலிருந்து ஃபோன் செய்வாள். ஹலோ கிடையாது. "எவ்வளவு?" என்பாள். குறைந்திருந்தால் "நல்லது". கூடியிருந்தால் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு, "சரி. என்ன தின்னே?"

ஹெய்லி அந்த மௌனத்தை எனக்கு நடித்துக் காட்டுவாள். கன்னத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, புருவத்தைத் தூக்கி. அச்சாக ஜேனிஸ் மாதிரியே இருக்கும்.

நவம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. இலக்கு மொத்தம் இரண்டு ஸ்டோன், அதாவது இருபத்தெட்டு பவுண்டு. இருபத்தேழரை முடிந்திருந்தது. அரை பவுண்டு பாக்கி. காலையில் கல் வைத்தேன். ஏறினாள். மெஷினில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு இறங்கினாள். சாயந்திரம் நீலக் கவுன். மோதிரம் என் கோட்டுப் பையில்.

ஏழு இருபத்தொன்பதுக்கு வெளியே வந்தாள். கார்க் கதவைச் சாத்திய விதத்திலேயே தெரிந்துவிட்டது. நான் கேட்கவில்லை. சபைக்கூடத்திலிருந்து கைதட்டல் கேட்டது. வேறு யாருக்கோ.

"போய் வாங்கிட்டு வா" என்றாள்.

வரிசையில் நின்றேன். ஒரு ஹேடாக் மீன், ஒரு பெரிய சிப்ஸ். காருக்குத் திரும்பினேன். பிறகு அவள் இறந்தாள். ஆம்புலன்ஸை அழைத்த நேரம் என் ஃபோனில் இருக்கிறது: ஏழு நாற்பத்து நான்கு. டெர்ரி கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து தெருவிளக்குக்குக் கீழே அவள் நெஞ்சை அழுத்தினார். அவர் கையெல்லாம் மைதா மாவு. நீலக் கவுனில் வெள்ளை அடையாளங்கள். பிறகு பச்சை உடுப்பு ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தார்கள்.

இதயத்தின் மின்னோட்டத்தில் பிறவியிலேயே ஒரு கோளாறு என்று டாக்டர் சொன்னார். யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை என்றார். காலையிலிருந்து சாப்பிடவில்லை, மதியத்துக்கு மேல் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றேன். எந்த நாளும் நடந்திருக்கலாம் என்றார். இன்னும் இரண்டு முறை கேட்டேன். அதே பதில்.

அடக்கம் முடிந்து பதினொரு நாள் கழித்து, பார்க்கிங் மெஷினுக்குச் சில்லறை தேடி அந்தக் கோட்டுப் பையில் கைவிட்டேன். சில்லறையோடு மோதிரம் வந்தது. காதணி, கொண்டை ஊசி. மோதிரம் இல்லாமலே புதைத்துவிட்டோம். யாரும் கவனிக்கவில்லை. நானும்தான். பின்னால் ஒருவர் வரிசையில் நின்றிருந்தார். "ஆச்சா, தம்பி?" என்றார். ஆச்சு என்றேன்.

நேற்று செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு வேலை முடிந்து வந்தபோது ஜேனிஸ் வாசற்படியில் நின்றிருந்தாள். பேருந்தில் வந்திருக்கிறாள். கால் சரியாகி, போன வாரம்தான் மறுபடி கூட்டத்துக்குப் போனாள். உள்ளே வந்து கோட்டைக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். கெட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த தாளைப் பார்த்தாள்.

"இன்னும் போடலையா?"

"இல்லை."

"நாளன்னிக்கு வெட்டறாங்க."

"தெரியும்."

"பாத்ரூம் போயிட்டு வரேன்" என்று மாடி ஏறினாள். ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து. நான் தேநீர் போட்டேன். இரண்டு கோப்பை. இறங்கி வரும்போது கையில் ஐந்து கிலோ கல் இருந்தது. இன்னொரு கையால் கைப்பிடியைப் பிடித்திருந்தாள்.

"ஜேனிஸ், அதை எதுக்குத் தூக்கறீங்க, காலு."

"மெஷினை ஆன் பண்ணிப் பார்த்தேன். ஸ்டோன்ல இருக்கு." கல்லை மேசைமேல் வைத்தாள். "இன்னும் தினமும் வெக்கிறியா?"

"ஆமா."

"எதுக்கு, கண்ணு?"

தேநீர்க் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் கைப்பையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்தாள். சங்கத்தின் எடை அட்டை. மேலே ஹெய்லியின் பெயர், அவள் கையாலேயே எழுதியது, பக்கத்தில் ஒரு அன்னாசிப் படம்.

"பாலெட் டப்பாவைச் சுத்தம் பண்ணினாளாம். தூக்கிப் போட மனசு வரல, நீங்களே வெச்சுக்கங்கன்னு கொடுத்தா." கடைசி வரியில் விரலை வைத்தாள். "படி."

தேதி. பக்கத்தில் கூட்டல் குறி. அரை.

"கூடியிருக்கு" என்றாள்.

"ஆமா."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ரெண்டு ஸ்டோனுக்கு அரை பவுண்டு பாக்கி. அன்னிக்குப் போய் அரை பவுண்டு கூடியிருக்கு. அப்புறம் கார்ல வந்து உக்காந்து, நான் சந்தோஷமா இருக்கேன், அம்மாகிட்டச் சொல்லுன்னு சொன்னாளாக்கும்." அட்டையைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தாள். "என் வயித்துல பிறந்தவ அவ. அரை பவுண்டு கூடினா பத்து நிமிஷத்துக்குப் பெத்தவளையே பார்க்க மாட்டா. அப்படி ஒரு வார்த்தை அவ வாயில வராது. காசு கொடுத்தாலும் வராது. எனக்கு அன்னிக்கே தெரியும், நேத்தன்."

"அப்புறம் ஏன் கல்லுல போடச் சொன்னீங்க?"

"நீ நிறுத்துவேன்னு பார்த்தேன்."

கெட்டில் ஆறிக்கொண்டே சிறிய சத்தங்கள் எழுப்பியது. அவள் தேநீரைத் தொடவில்லை.

"வீட்டு மெஷினையே கல்லு வெச்சுப் பார்க்கற ஆளு நீ," என்றாள். "எனக்கு மட்டும் தராசுல கையை வெச்சு அழுத்திட்டே. ஆறு மாசமா."

"மன்னிச்சிடுங்க."

"அதெல்லாம் அப்புறம். நான் ஃபோன் பண்ணினது ஏழு நாப்பத்தொண்ணு. என் ஃபோன்ல இருக்கு. எட்டு தடவை மணி அடிச்சது. விழுந்து கிடக்கறவ பக்கத்துல என் ஃபோன் அடிச்சுக்கிட்டே இருந்திருக்கு. தினமும் ராத்திரி அது என் காதுல அடிக்குது." கையைக் கட்டிக்கொண்டாள். "நான் உடைஞ்சு போற ஆளு இல்லை. ஆறு மாசமா உடையல. நிஜமா என்ன சொன்னா, சொல்லு."

"உங்களுக்குப் பிடிக்காது."

"எனக்கு எதுதான் பிடிச்சிருக்கு? சொல்லு."

சொன்னேன். நான் திரும்பி வந்தபோது மணி ஏழு முப்பத்தெட்டு. பொட்டலத்தை அவள் மடியில் வைத்தேன். பிரிக்கவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "டெர்ரி வினிகர் போட்டானா?" என்றாள். போட்டார் என்றேன். பிறகு பிரித்தாள். ஆவி அடித்து முன்கண்ணாடி மூடிக்கொண்டது. ஒரு சிப்ஸ், இன்னொன்று, பிறகு கை நிறைய. முகம் இளகியது. மீனில் ஒரு துண்டு பிய்த்து ஊதி என் வாயில் வைத்தாள். விரல் சுட்டது என்று உதறினாள்.

அப்போது ஃபோன் அடித்தது.

"விழலையா அப்போ?" என்றாள் ஜேனிஸ்.

"விழல. நல்லா உக்காந்திருந்தா. ஃபோன் டாஷ்போர்டுல இருந்தது. உங்க பேரு தெரிஞ்சது. பார்த்தா."

"பார்த்தாளா?"

"பார்த்தா."

"எடுக்கல."

"எடுக்கல. நான் எடுக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டா."

ஜேனிஸின் கன்னம் உள்ளே போனது. புருவம் ஏறியது. ஹெய்லி நடித்துக் காட்டும் அதே முகம். நான் நிறுத்திவிட்டேன்.

"சொல்லுடா" என்றாள்.

"கன்னத்தை உள்ள இழுத்துக்கிட்டு உங்க மாதிரி ஒரு தடவை செஞ்சு காட்டினா. அவளுக்கே சிரிப்பு வந்துடுச்சு. வாய் நிறைய சிப்ஸ். கையால வாயை மூடிக்கிட்டா. ஃபோனைக் கவுத்து வெச்சா. அது அடிச்சுக்கிட்டே இருந்தது. அப்பதான் சொன்னா."

"என்னன்னு?"

"அம்மாதான், அடிக்கட்டும் விடு. வாயில சூடா சிப்ஸை வெச்சுக்கிட்டு அரை பவுண்டு கூடிட்டேன்னு எப்படிச் சொல்றது?"